தைராய்டு சுரப்பி: அமைப்பு, பணி, மூத்தோர் கவனிக்க வேண்டியவை

உடல் எப்போதும் சோர்வாக இருக்கிறது. மலச்சிக்கல் தொடர்கிறது. மற்றவர்கள் மின்விசிறியைக் கூட்டி வைக்கச் சொல்லும்போது உங்களுக்கு மட்டும் குளிர்கிறது. தெரிந்தவர்களின் பெயர்கள் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் உள்ளவர்கள் சொல்கிறார்கள். நீங்களும் அப்படியே எண்ணிக்கொள்கிறீர்கள்.

அது வயதின் காரணமாகவே இருக்கலாம். ஆனால், கழுத்தில் உள்ள தைராய்டு என்னும் சிறிய சுரப்பி மெதுவாக வேலை செய்தாலும் இதே அறிகுறிகள் தோன்றும். முதுமையை மாத்திரையால் மாற்ற முடியாது. தைராய்டு குறைபாட்டைப் பெரும்பாலும் தினமும் ஒரு மாத்திரையால் சரிசெய்துவிடலாம். ஆகவே, இந்தச் சுரப்பி எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது, எப்போது சந்தேகப்பட வேண்டும் என்பதை மூத்தோரும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களும் அறிந்திருப்பது நல்லது.

தைராய்டு எங்கே இருக்கிறது?

உங்கள் விரலைக் கழுத்தின் முன்பக்கம் வைத்து, எச்சிலை விழுங்கிப் பாருங்கள். மேலே ஏறி, பிறகு கீழே இறங்குவது குரல்வளை. அதற்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயின் முன்புறத்தை அணைத்தபடி தைராய்டு சுரப்பி அமைந்துள்ளது.

பார்ப்பதற்கு அது சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியைப் போல இருக்கும். வலப்புறம் ஒரு மடல், இடப்புறம் ஒரு மடல், இரண்டையும் இணைக்கும் குறுகிய பாலம் ஒன்று. ஒவ்வொரு மடலும் ஏறக்குறைய 4 முதல் 5 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். பெரியவர்களுக்கு முழுச் சுரப்பியின் எடை சுமார் 15 முதல் 25 கிராம் வரை மட்டுமே. நல்ல நிலையில் இருக்கும் சுரப்பி பெரும்பாலும் வெளியே தெரியாது.

இந்தச் சுரப்பியின் அக்கம்பக்கத்தை அறிந்துகொள்வதும் பயனுள்ளது:

• அதன் பின்னால் மூச்சுக்குழாயும், அதற்கும் பின்னால் உணவுக்குழாயும் உள்ளன. சுரப்பி மிகவும் பெரிதானால் மூச்சு விடவும் விழுங்கவும் சிரமம் ஏற்படலாம்.

• குரலுக்கு உதவும் நரம்புகள் அதன் பின்பக்கமாகச் செல்கின்றன. அவை பாதிக்கப்பட்டால் குரல் கம்மிப்போகும்.

• அதன் பின்புறத்தில் பொதுவாக நான்கு சிறிய பாராதைராய்டு சுரப்பிகள் ஒட்டியிருக்கும். பெயர் ஒத்திருந்தாலும் அவற்றின் வேலை வேறு. அவை இரத்தத்தில் உள்ள சுண்ணாம்புச் சத்தின் அளவைச் சீராக வைத்திருக்கின்றன.

உள்ளே என்ன இருக்கிறது?

தைராய்டு சுரப்பியை நுண்ணோக்கியில் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற சிறு பைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஒவ்வொரு பையின் சுவரும் ஒரே வரிசை உயிரணுக்களால் ஆனது. பையின் நடுவில் பசை போன்ற நீர் நிரம்பியிருக்கும்.

சுவரில் உள்ள உயிரணுக்கள் இரத்தத்திலிருந்து அயோடின் சத்தை இழுத்துக்கொள்கின்றன. அதை ஒரு புரதத்துடன் சேர்த்து ஹார்மோனைத் தயாரித்து, நடுவில் உள்ள பசைநீரில் சேமித்து வைக்கின்றன. தமிழில் இயக்குநீர் என்றும் அழைக்கப்படும் ஹார்மோன், இரத்தத்தின் வழியாகச் சென்று உடல் உறுப்புகளுக்கு வேலை சொல்லும் ஒரு வேதிப்பொருள்.

பெரும்பாலான சுரப்பிகள் ஹார்மோனை நீண்ட காலத்துக்குப் போதுமான அளவில் சேமித்து வைப்பதில்லை. தைராய்டு அப்படியல்ல. அது ஏறக்குறைய இரண்டு, மூன்று மாதங்களுக்குப் போதுமான ஹார்மோனைக் கையிருப்பில் வைத்திருக்கும். குறைபாடு திடீரென்று வெளிப்படாமல் மெல்ல மெல்லத் தெரியவருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அது என்ன வேலை செய்கிறது?

தைராய்டு முக்கியமாக இரண்டு ஹார்மோன்களைச் சுரக்கிறது. ஒன்று தைராக்சின் எனப்படும் டி4. மற்றொன்று டி3. டி4-இல் நான்கு அயோடின் அணுக்களும், டி3-இல் மூன்று அயோடின் அணுக்களும் இருப்பதால் இந்தப் பெயர்கள் வந்தன. சுரப்பியிலிருந்து வெளியாவதில் பெரும்பகுதி டி4. கல்லீரல், சிறுநீரகம் போன்ற உறுப்புகள் அதை, வேகமாகச் செயல்படும் டி3-ஆக மாற்றிக்கொள்கின்றன.

அடுப்பின் தீயைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு இருப்பதுபோல, உடல் உணவை ஆற்றலாக மாற்றும் வேகத்தை இந்த ஹார்மோன்கள் நிர்ணயிக்கின்றன. அவற்றின் தாக்கம் உடலின் பல பாகங்களில் தெரியும்:

• இதயம்: துடிப்பின் வேகமும் வலிமையும்
• உடல் வெப்பம்: குளிரையும் வெப்பத்தையும் தாங்கும் ஆற்றல்
• குடல்: உணவு நகரும் வேகம்
• கல்லீரல்: இரத்தத்தில் உள்ள கொழுப்பை அகற்றும் திறன்
• மூளை: நினைவாற்றல், மனநிலை, உறக்கம்
• தசையும் எலும்பும்: வலிமை
• தோலும் முடியும்: ஈரப்பதம், வளர்ச்சி

ஒரே சுரப்பியின் கோளாறு பல உறுப்புகளில் வெவ்வேறு தொல்லைகளாகத் தெரிவதற்கு இதுவே காரணம். முழங்கால் வலிக்கு ஒரு மருத்துவர், மலச்சிக்கலுக்கு ஒரு மருந்து, தூக்கமின்மைக்கு இன்னொரு மருந்து என்று அலைபவர்களில் சிலருக்கு, எல்லாவற்றுக்கும் வேர் கழுத்தில் இருக்கக்கூடும்.

சுரப்பியைக் கட்டுப்படுத்துவது யார்?

தைராய்டு தானாக முடிவு செய்வதில்லை. மூளையின் அடிப்பகுதியில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பி, டிஎஸ்எச் என்னும் ஹார்மோனை அனுப்பித் தைராய்டை வேலை வாங்குகிறது. இரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைந்தால் டிஎஸ்எச் கூடும். தைராய்டு ஹார்மோன் மிகுந்தால் டிஎஸ்எச் குறையும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். ஆட்கள் சுறுசுறுப்பாக வேலை செய்தால் கங்காணி பேசாமல் நிற்பார். வேலை தொய்ந்தால் அவருடைய குரல் உயரும். டிஎஸ்எச் என்பது கங்காணியின் குரல்.

ஆகவே, இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்கும்போது குழப்பமடைய வேண்டாம்:

• டிஎஸ்எச் அதிகம் என்றால், பொதுவாகத் தைராய்டு மெதுவாக வேலை செய்கிறது என்று பொருள்.
• டிஎஸ்எச் மிகக் குறைவு என்றால், பொதுவாகத் தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்று பொருள்.

வயது கூடும்போது டிஎஸ்எச் அளவு இயல்பாகவே சற்று உயரக்கூடும். 70 வயதைக் கடந்தவர்களுக்கு அது சிறிதளவு மட்டும் கூடியிருந்தால், மருத்துவர் உடனே மருந்து தராமல், சில மாதங்கள் கழித்து மீண்டும் பரிசோதிக்கச் சொல்லலாம். அதை அலட்சியம் என்று எண்ண வேண்டாம். தேவையில்லாத மருந்து இதயத்துக்கும் எலும்புக்கும் தீங்கு செய்யக்கூடும்.

அயோடின் ஏன் தேவை?

அயோடின் இல்லாமல் தைராய்டு ஹார்மோனைத் தயாரிக்க முடியாது. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் தேவை. ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகிராம். எழுபது ஆண்டு வாழ்ந்த ஒருவருக்குத் தேவைப்பட்ட மொத்த அயோடினும் ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கிவிடும். அளவு சிறிதாக இருந்தாலும் உடலால் அதை நீண்ட காலம் சேமித்து வைக்க முடியாது. எனவே, அது உணவிலிருந்து தொடர்ந்து கிடைக்க வேண்டும்.

கடல் மீன், இறால், முட்டை, பால் ஆகியவற்றில் அயோடின் உள்ளது. கடலிலிருந்து தொலைவில் உள்ள உட்பகுதிகளில் மண்ணிலும் நீரிலும் அயோடின் குறைவாக இருப்பதுண்டு. நம் நாட்டில் சபா, சரவாக் மாநிலங்களின் உட்பகுதிகளில் வாழ்ந்த பலருக்குக் கழுத்துக் கழலை ஏற்பட்டதற்கு அயோடின் குறைபாடே முக்கியக் காரணம். ஆகவே, உப்பில் அயோடின் சேர்ப்பது சபாவில் 2000-ஆம் ஆண்டிலும், சரவாக்கில் 2008-ஆம் ஆண்டிலும், நாடு முழுவதும் 2020-ஆம் ஆண்டிலும் கட்டாயமாக்கப்பட்டது.

உப்பு வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

• பொட்டலத்தில் 'கராம் பெர்இயோடின்' என்று மலாய் மொழியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

• உப்பை மூடியுள்ள டப்பாவில், அடுப்பின் வெப்பம் படாத இடத்தில் வையுங்கள். வெப்பத்திலும் ஈரத்திலும் அயோடின் குறைந்துபோகும்.

• குழம்பில் உப்பைக் கடைசியில் சேர்ப்பது நல்லது.

• அயோடின் வேண்டும் என்பதற்காக உப்பைக் கூட்ட வேண்டாம். ஒரு நாளுக்கு எல்லா உணவிலும் சேர்த்து ஒரு தேக்கரண்டி உப்புக்குமேல் கூடாது. இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவைப் பின்பற்றுங்கள்.

• கடற்பாசி மாத்திரைகள், அயோடின் சொட்டுமருந்து ஆகியவற்றைச் சொந்தமாக வாங்கி உட்கொள்ளாதீர்கள். அயோடின் மிகுந்தாலும் தைராய்டு பாதிக்கப்படும்.

சுரப்பு குறைந்தால் என்ன ஆகும்?

மருத்துவர்கள் இதை 'ஹைப்போதைராய்டிசம்' என்பார்கள். அயோடின் போதுமான அளவு கிடைக்கும் இடங்களில் இதற்கு மிகப் பொதுவான காரணம், உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே தவறுதலாகத் தைராய்டைத் தாக்குவது. 1912-ஆம் ஆண்டில் இதைப் பற்றி எழுதிய ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோவின் பெயரால் இந்நோய் அழைக்கப்படுகிறது. தைராய்டு அறுவை சிகிச்சை, கதிரியக்க அயோடின் சிகிச்சை, இதயத் துடிப்புக்குத் தரப்படும் அமியோடரோன், மனநலத்துக்குத் தரப்படும் லித்தியம் ஆகியவையும் காரணமாகலாம். ஆண்களைவிடப் பெண்களையே இது அதிகம் பாதிக்கிறது.

அறிகுறிகள்:

• தொடர்ந்த சோர்வு, தூக்கக் கலக்கம்
• குளிர் தாங்க முடியாமை
• மலச்சிக்கல்
• வறண்ட தோல், முடி உதிர்தல்
• முகம் உப்புதல், எடை கூடுதல்
• குரல் கரகரத்தல்
• கை விரல்களில் மரமரப்பு, தசை வலி
• மறதி, எதிலும் நாட்டமின்மை
• கொலஸ்ட்ரால் கூடுதல், இதயத் துடிப்பு மெதுவாகுதல்

இளையவர்களுக்குப் பல அறிகுறிகள் ஒன்றாகத் தோன்றும். மூத்தவர்களுக்கோ ஒன்றிரண்டு மட்டுமே தெரியலாம். மறதியும் மனச்சோர்வும் மட்டும் தெரிந்தால், அதை மூளைத் தேய்வு என்று குடும்பத்தினர் முடிவு கட்டிவிடக்கூடும். அப்படி முடிவு செய்வதற்கு முன்பு தைராய்டு இரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

சுரப்பு மிகுந்தால் என்ன ஆகும்?

இதை 'ஹைப்பர்தைராய்டிசம்' என்பார்கள். நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், அதிக வியர்வை, நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைதல், அடிக்கடி மலம் கழித்தல், எரிச்சல், உறக்கமின்மை ஆகியவை இதன் அறிகுறிகள். சிலருக்குக் கண்கள் முன்னால் தள்ளியது போலத் தெரியும்.

மூத்தவர்களிடம் இது மாறுபட்டுத் தெரியலாம். படபடப்போ நடுக்கமோ இல்லாமல், பசி குறைந்து, உடல் மெலிந்து, பேச்சும் நடமாட்டமும் குறைந்து ஒடுங்கிப்போவார்கள். சிலருக்கு இதயத் துடிப்பு ஒழுங்கில்லாமல் போவதே முதல் அடையாளமாக இருக்கும். ஒழுங்கற்ற துடிப்பால் இதயத்தில் இரத்தம் உறைந்து பக்கவாதம் வரக்கூடும். எலும்புகளும் வலுவிழக்கும், அதனால் சாதாரணமாக விழுந்தாலே எலும்பு முறியலாம். காரணம் தெரியாமல் எடை குறைந்தால், "சக்கரை குறைஞ்சதால இளைச்சுட்டேன்" என்று நீங்களே முடிவு செய்யாமல் மருத்துவரைப் பாருங்கள்.

கழுத்தில் வீக்கம் அல்லது கட்டி

சுரப்பி முழுவதும் வீங்கினால் அதைக் கழலை என்கிறோம். சுரப்பியின் ஒரு பகுதியில் மட்டும் உருண்டையாகத் தோன்றுவது கட்டி. வயது கூடக்கூடத் தைராய்டில் கட்டிகள் தோன்றுவது மிகவும் சாதாரணம். அவற்றில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. இருப்பினும், எது எது என்று பரிசோதித்தால்தான் தெரியும்.

வீட்டில் நீங்களே பார்க்கும் முறை:

1. வெளிச்சமான இடத்தில், கண்ணாடி முன் அமருங்கள். கையில் ஒரு குவளை தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள்.
2. தலையை மெதுவாகச் சற்றுப் பின்னால் சாயுங்கள். தலைசுற்றல் உள்ளவர்கள் அதிகம் சாய வேண்டாம்.
3. ஒரு வாய் தண்ணீரை விழுங்குங்கள்.
4. விழுங்கும்போது குரல்வளைக்குக் கீழே, காறை எலும்புக்கு மேலே உள்ள பகுதியைக் கவனியுங்கள். ஏதேனும் புடைப்பு மேலெழும்பி இறங்குகிறதா என்று பாருங்கள்.

தைராய்டு மூச்சுக்குழாயுடன் ஒட்டியிருப்பதால், அதில் உள்ள கட்டி விழுங்கும்போது சேர்ந்து நகரும். புடைப்பு எதையும் கண்டால் அருகில் உள்ள சுகாதார கிளினிக்குக்குச் செல்லுங்கள். கட்டி வேகமாக வளர்ந்தாலோ, கல் போல இறுகியிருந்தாலோ, குரல் மாறினாலோ, விழுங்கச் சிரமமாக இருந்தாலோ தாமதிக்க வேண்டாம். மூச்சு விடவே சிரமம் என்றால் உடனே 999-ஐ அழையுங்கள்.

எப்படிக் கண்டறிவார்கள்?

முதலில் செய்வது டிஎஸ்எச் இரத்தப் பரிசோதனை. தேவைப்பட்டால் டி4 அளவையும் பார்ப்பார்கள். கட்டி இருந்தால் ஒலியலைப் படம் எடுப்பார்கள். ஐயம் இருந்தால் மெல்லிய ஊசியால் சிறிதளவு திசுவை எடுத்துச் சோதிப்பார்கள்.

முடி வளர்ச்சிக்கும் நகத்துக்கும் விற்கப்படும் பயோட்டின் மாத்திரைகள் இரத்தப் பரிசோதனை முடிவைத் தவறாகக் காட்டக்கூடும். நீங்கள் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்துகளையும், சத்து மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கிளினிக்குக்கு எடுத்துச் செல்லுங்கள்.

தைராக்சின் மாத்திரையை எப்படி உட்கொள்வது?

சுரப்பு குறைந்தவர்களுக்குத் தரப்படும் மாத்திரை, சுரப்பி தயாரிக்கும் டி4-ஐப் போன்றதே. மூத்தவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் குறைந்த அளவில் தொடங்கி, மெதுவாகக் கூட்டுவார்கள்.

• காலையில் எழுந்ததும், வெறும் வயிற்றில், வெறும் தண்ணீருடன் விழுங்குங்கள்.

• அதன் பிறகு அரை மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை கோப்பி, தேநீர், பால், உணவு எதுவும் வேண்டாம். கோப்பியுடன் சேர்த்து விழுங்கினால் மருந்து உடலில் சரியாகச் சேராது. கோப்பியை விட வேண்டியதில்லை; மாத்திரைக்குப் பிறகு தள்ளிப்போட்டால் போதும்.

• சுண்ணாம்புச் சத்து மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை, வயிற்றுப் புளிப்புக்கான மருந்து ஆகியவற்றை நான்கு மணி நேரம் கழித்து உட்கொள்ளுங்கள்.

• ஒருநாள் மறந்துவிட்டால், மறுநாள் நீங்களாக இரண்டு மாத்திரை போடாதீர்கள். என்ன செய்வது என்று மருந்தாளரிடம் கேளுங்கள்.

• தண்ணீர் அருந்த அனுமதியுள்ள விரத நாள்களில் மாத்திரையை விட வேண்டியதில்லை. தண்ணீரும் அருந்தாமல் விரதம் இருப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேசுங்கள்.

• உடல் தேறிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். தேறியதற்குக் காரணமே அந்த மாத்திரைதான்.

டி4 இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஆகவே, மருந்தின் அளவை மாற்றினால் அதன் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மருத்துவர் ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடியும் இரத்தம் எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

சுரப்பு மிகுந்தவர்களுக்குக் கார்பிமசோல் மாத்திரை தரப்படலாம். அதை உட்கொள்ளும்போது காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண் வந்தால், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். இரத்த வெள்ளையணுக்கள் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருக்கலாம். சாதாரணக் காய்ச்சல் என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

*முட்டைக்கோஸ், மரவள்ளிக்கிழங்கு சாப்பிடலாமா?*
சாப்பிடலாம். இவற்றில் உள்ள சில பொருள்கள், சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்வதைத் தடுக்கக்கூடும். ஜப்பானியர் ஆட்சியில் மரவள்ளிக்கிழங்கே அன்றாட உணவாக இருந்ததைப் பெற்றோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதுபோல வேறு உணவில்லாமல் அதையே உண்டு, அயோடினும் குறைந்தால்தான் சிக்கல். நன்றாக வேகவைத்து, அளவோடு உண்பதில் தவறில்லை.

*சோயா பால் குடிக்கலாமா?*
குடிக்கலாம். ஆனால் அது மாத்திரை உடலில் சேர்வதைக் குறைக்கக்கூடும். மாத்திரை உட்கொண்டு சில மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

*வாழ்நாள் முழுவதும் மாத்திரை வேண்டுமா?*
பலருக்கு வேண்டியிருக்கும். கண்ணுக்குக் கண்ணாடி அணிவதுபோல் அதை எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாததை ஈடுசெய்யும் மருந்து என்பதால், சரியான அளவில் உட்கொண்டால் பழக்கமாகிவிடும் என்ற பயம் தேவையில்லை.

*என் பிள்ளைகளுக்கும் வருமா?*
தைராய்டு நோய் சில குடும்பங்களில் அதிகம் காணப்படுகிறது. உங்களுக்கு இருப்பதைப் பிள்ளைகளிடம், குறிப்பாக மகள்களிடமும் பேத்திகளிடமும் சொல்லி வையுங்கள். கருவுறும் காலத்தில் தாயின் தைராய்டு ஹார்மோன் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு மிகவும் அவசியம்.

நினைவில் கொள்ளுங்கள்

• சோர்வு, மறதி, மலச்சிக்கல், காரணமில்லாத எடை மாற்றம் எல்லாவற்றையும் வயதின்மீது சுமத்திவிடாதீர்கள்.

• அடுத்த முறை நீரிழிவுக்கோ இரத்தக் கொதிப்புக்கோ கிளினிக்குக்குச் செல்லும்போது, உங்களுக்கு உள்ள அறிகுறிகளை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். "எனக்குத் தைராய்டு பரிசோதனை தேவையா?" என்று தயங்காமல் கேளுங்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ பேசத் தயக்கமாக இருந்தால் குடும்பத்தினர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.

• மாத்திரை முதலில், கோப்பி பிறகு.

• மூத்தவர் ஒருவர் வழக்கத்துக்கு மாறாக மயக்கத்தில் ஆழ்ந்து, உடல் சில்லிட்டுப் போனாலோ, நெஞ்சு வலியுடன் இதயம் தாறுமாறாகத் துடித்தாலோ, காத்திருக்காமல் 999-ஐ அழையுங்கள்.

இந்த மடலைப் படித்து முடித்ததும், வீட்டில் உள்ள மற்றவர்களிடமும் கொடுங்கள். உங்களிடம் ஏற்படும் மெதுவான மாற்றங்கள் சில சமயம் உங்களைவிட அவர்களுக்கே முதலில் தெரியும்.